உன் பெயரில் போன படுக்கை விரிப்புகள்

இன்று மதியம் உனக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. நீ போய் நாலு மாதம் ஆகிறது.

ரோட்டர்டாமில் நமக்கு வேலை தரும் சரக்கு நிறுவனத்து அம்மாள்தான். வழக்கம்போல உன் பெயர் போட்டு வணக்கம் சொல்லி, நலம் விசாரித்திருந்தாள். நீ இறந்ததை அவளிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. சுங்கப் பதிவுக்கான உள்நுழைவு உன் பெயரில் மட்டுமே இருக்கிறது. சொன்னால் வேலை கைவிட்டுப் போகும் என்று, நம்மைவிட வயதில் இளையவனான நம் மேலாளர் தடுத்துவிட்டான். நாலு மாதமாக உன் பெயரில் நான்தான் 'நலம்' என்று பதில் எழுதுகிறேன்.

ஆனால் இன்றைய கடிதம் நலம் விசாரிப்பதற்கு அல்ல. நெதர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குப் போன படுக்கை விரிப்புகளின் பிறப்பிடம் நெதர்லாந்து என்று நீ பதிவு செய்திருக்கிறாயாம். அங்கேயே நெய்தது என்ற கணக்கில் வரி கட்டாமல் போன அந்தச் சரக்குக்கு இங்கிலாந்துச் சுங்கத்துறை விளக்கம் கேட்கிறது. பதிவு செய்தவர் யார், ஏன் அப்படிச் செய்தார் என்று எழுத்தில் வேண்டுமாம். கீழே பதிவு நாள் இருந்தது. அது உன்னை எரித்த நாள்.

இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டுப் பிரியாமல் இருந்திருந்தால் நமக்கு இந்தப் பிழைப்பே இல்லை. அந்த நாடுகளுக்குள் காகிதமே இல்லாமல் ஓடிய லாரிகளுக்கு, ஒரே நாளில் கட்டம் கட்டமாய்ப் படிவங்கள் தேவைப்பட்டன. அதை நிரப்ப இராஜபாளையத்தில் தென்காசி சாலை மாடியில் நாம் இரண்டு பேர். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. தேர்வில் உன்னைவிட நான் நாலு மதிப்பெண் அதிகம். சுங்கப் பதிவுக்கு முதலாளி உன் பெயரைத்தான் கொடுத்தார். "அவன் பேசினா வெள்ளக்காரனுக்குப் பிடிக்கும்" என்றார். அதன்பிறகு நான் நிரப்பிய படிவங்களுக்கெல்லாம் நன்றி உனக்கு வந்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் உனக்கு வந்தது. அட்டையை என் பக்கம் நகர்த்தி, "ரெண்டு பேருக்கும்தாம்லே" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

பிறப்பிடம் என்ற கட்டம் வந்தால் மட்டும் நாற்காலியை என் பக்கம் தள்ளிக்கொண்டு வருவாய். "லாரி எங்க கெளம்புதுன்னு பாக்காதலே. தறி எங்க ஓடுச்சுன்னு பாரு." எனக்குத் தெரியாததா? எரிச்சலாக இருக்கும்.

அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் உனக்குக் கொள்ளி வைத்து முடிந்ததும், மற்றவர்கள் மடவார் வளாகத்தில் இருக்கும் உன் வீட்டுக்குத் திரும்பினார்கள். மேலாளர் அவர்களோடு தங்கிக்கொண்டு, என்னை மட்டும் இராஜபாளையத்துக்குப் பேருந்து ஏற்றிவிட்டான். துறைமுகத்தில் லாரி நிற்கிறதாம். தலையில் ஊற்றிய தண்ணீர் காயாமல் உன் மேசையில் உட்கார்ந்து, உன் பெயரில் நுழைந்தேன். கிடங்கு நெதர்லாந்து, லாரி நெதர்லாந்து. பிறப்பிடமும் நெதர்லாந்து என்று அடித்தேன். நம்மூர் ஆலை கப்பலில் அனுப்பி அந்தக் கிடங்கில் வைத்திருந்த விரிப்புகள் அவை. சரக்குப் பட்டியலில் ஆலையின் பெயரே இருந்தது. நான் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டேன்.

கடிதத்தைப் படித்த மேலாளர் கொஞ்சமும் அசரவில்லை.

"அவரு பேர்ல தான அண்ணே இருக்கு. அவரு தப்புன்னு எழுதிருவோம். பொறவு எறந்துட்டாருன்னு சொல்லிக்கிடலாம்."

"எரிச்ச அன்னிக்குல்லப்பா பதிவாயிருக்கு."

"அவ ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து தேதி பாக்கப் போறாளாக்கும்? செத்தவருக்கு என்னண்ணே வேல போயிருமா? ஒங்களுக்குப் போயிரும்."

சரி என்றுதான் தலையாட்டினேன். விளக்கம் எழுதுவதற்காக அந்தப் பதிவின் வரலாற்றைத் திறந்தேன். நான் அனுப்பிய பதிவுக்குக் கீழே இன்னொன்று இருந்தது. ஒரு திருத்த வரைவு, அனுப்பப்படாமல். அதே நாள் மாலை ஐந்து நாற்பது. உன் பெயர். உன் கணினி. பிறப்பிடம் இந்தியா. நெய்த இடம் சோழபுரம்.

என்னைத் தவிர உன் கடவுச்சொல் தெரிந்தவன் மேலாளர் மட்டும்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. "எங்க அம்மா மேல சத்தியமாண்ணே, அந்நேரம் அவரு வீட்லதான் இருந்தேன். ஒங்ககூட போன்ல பேசுனேன்ல்லா?" பேசினான். பின்னால் உன் மனைவியின் அழுகை கேட்டது.

பக்கத்து ஊரான சோழபுரத்தின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆலைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பழைய லெட்ஜரைப் புரட்டினார்.

"அந்த லாட்டா சார்? இங்க கரண்டு மக்கர் பண்ணுச்சுன்னு சோழபுரம் தறி ஷெட்ல போட்டு ஓட்டுனோம். எங்க மில் மேனேஜருக்கே தெரியாதே, ஒங்களுக்கு யாரு சொன்னா?"

போனை வைத்துவிட்டேன். உன் நாற்காலி என் மேசைப் பக்கம் திரும்பியிருந்தது. காலையில் கூட்டுகிறவள் நகர்த்தியிருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"அத அழிச்சுருங்கண்ணே" என்றான் மேலாளர். "அழிச்சுட்டு அவரு தப்புன்னு எழுதிருங்க."

அழிக்கும் பொத்தான் வரை விரலைக் கொண்டுபோனேன். உனக்கு இரங்கி நான் நிறுத்தவில்லை, பயந்துதான் நிறுத்தினேன். பிறகு பதில் எழுதினேன். அவர் அன்று உயிரோடு இல்லை, பதிவு செய்தவன் நான், தவறு என்னுடையது, திருத்தத்தை இணைத்திருக்கிறேன், அதை யார் தயாரித்தார் என்று எனக்குத் தெரியாது. முழுப் பெயரையும் அடியில் அடித்தேன். கடல் தாண்டிப் போன காகிதத்தில் என் பெயர் இருந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டான். தவறு என் பெயரில் போய்ச் சேர்ந்தது. திருத்தம் உன் பெயரில். செத்தும் நீதான் சரியாக எழுதியிருக்கிறாய். அதற்கும் சேர்த்து உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இந்தக் கோபத்தை மட்டும் நான் விடமாட்டேன். இது போய்விட்டால், உன்னோடு பேச எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.