கல்லறை வரைக்கும் ஒயர்

திருவிடந்தை
அக்டோபர் 5, ஞாயிறு

அன்பு மகன் ஸ்டான்லிக்கு,

அப்பா எழுதுகிறேன். அயர்லாந்தில் குளிர் ஆரம்பித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் உனக்கு மறுபடியும் நைட் டியூட்டி போட்டிருக்கிறார்கள் என்று ஹெலன் சொன்னாள். உன்னைப் பற்றிய செய்தி எல்லாம் இப்போது எனக்குக் கருங்குழியில் இருக்கும் உன் அக்கா வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆண்டவர் உன் உடம்புக்குச் சுகம் தரட்டும். நான் இருக்கிறேன். மழை இன்னும் பிடிக்கவில்லை, காற்று மட்டும் திரும்பியிருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து உனக்குப் போனில் அனுப்புகிறேன் என்றாள் ஹெலன். வேண்டாம் என்றுவிட்டேன். போனில் வருவதை நீ விரலால் தள்ளிவிடுவாய். காகிதத்தைத் தள்ள முடியாது, எடுத்து எங்கேயாவது வைத்தாக வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று ராத்திரி போனில் நீ சொன்னது உனக்கு நினைவிருக்கும். “நான் வரவில்லை என்ற கோபத்தில் வேண்டுமென்றே வீடியோவைக் கட் பண்ணிவிட்டீர்கள்” என்றாய். அதற்குப் பிறகு நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. செய்யாத தப்புக்கு நான் ஏன் முதலில் கூப்பிட வேண்டும்? இப்போதும் கூப்பிடவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

விஷயம் இது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அம்மா போன பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள். சாயங்காலம் பூசை முடிந்ததும் ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாக வந்து, பெயரைச் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அந்த நேரத்தில் குடும்பத்தார் அவரவர் கல்லறையைச் சுற்றி நிற்க வேண்டும். நீயும் நிற்க வேண்டும். அதற்காக ஒரு மெஷின் வாங்கியிருக்கிறேன்.

அதை வாங்குவதற்குள் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் கரண்ட் கிடையாது, அதனால் பேட்டரியில் ஓட வேண்டும். நானே தூக்கிப்போய் வைக்க வேண்டும், அதனால் சின்னதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்டர்நெட் ஒயர் நேராகச் சொருகுகிற ஓட்டை அதிலேயே இருக்க வேண்டும். கேட்டது இவ்வளவுதான். திருப்போரூர் வழியாகப் பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போனேன். ஸ்டேஷன் பக்கத்தில் பிரவின்குமார் என்று ஒருவன் கடை வைத்திருக்கிறான். “இன்னா தாத்தா, இப்ப வர்ற மாடல்ல அந்த ஓட்டையே கெடையாது, எல்லாம் காத்துலதான் வருது” என்றான். காற்றில் வருவதை நம்பினதால்தான் என் பிள்ளை என்னோடு பேசாமல் இருக்கிறான், எனக்கு ஒயர்தான் வேண்டும் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

டேப்லெட் ஒன்றை எடுத்துக் காட்டி, அதன் வாயில் ஒரு கன்வெர்ட்டரை மாட்டி, அதில் ஒயரைச் சொருகிக்கொள்ளலாம் என்றான். வேலை செய்யும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு ஜாயின்ட். நான் எத்தனை வருஷம் மைக் செட் ஓட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும், உன் பெயரை வைத்துத்தானே ஸ்டான்லி சவுண்ட் சர்வீஸ் என்று போர்டு எழுதினேன். கரகரப்பு வந்தாலும், சத்தமே நின்றுபோனாலும், முதலில் போய்ப் பார்ப்பது ஜாயின்டைத்தான். அன்றைக்கு என் கண் முன்னால் ஒரு ஜாயின்டும் இருக்கக் கூடாது.

அப்புறம் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்கே போனேன். பழைய சாமான் குவித்து வைத்திருந்த இடத்தில், ஓட்டை வைத்த ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் வந்து சொருகினால் ஒயர் உள்ளே போகவில்லை. அது டெலிபோன் ஒயருக்கான ஓட்டையாம். பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, ஒன்று கொஞ்சம் ஒல்லி. பிளக்கின் ஓரத்தைப் பிளேடால் சீவிப் பார்த்தேன். ஹெலன் வந்து பார்த்துவிட்டு, “இன்னாபா, பென்சிலா சீவிகினு கீற?” என்று கேட்டுச் சிரித்தாள். இந்த வீட்டில் ஒருவர் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்பதால் சும்மா இருந்துவிட்டேன்.

கடைசியில் பிரவின்குமாரே போன் செய்தான். நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு சின்ன லேப்டாப், பழசு, யாரோ கொடுத்துவிட்டுப் போனதாம், நான் சொன்ன ஓட்டை அதில் இருக்கிறதாம். பேட்டரி செத்திருந்தது, புதிது போட்டுக் கொடுத்தான். ஒரு நாள் மத்தியானம் அதைக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய் அம்மா பக்கத்தில் திறந்து வைத்து உட்கார்ந்துகொண்டேன். கொசு பிடுங்கி நான்தான் எழுந்தேன், அது அணையவில்லை.

ஒயரை ஃபாதர் பங்களாவிலிருந்து இழுத்திருக்கிறேன். அங்கே இன்டர்நெட் பெட்டி இன்வெர்ட்டரில் ஓடுகிறது, கரண்ட் போனாலும் நிற்காது. இந்த ஒயர் நூறு மீட்டருக்கு மேல் போனால் வேலை செய்யாது என்று பிரவின்குமார் எச்சரித்தான். என் மைக் ஒயர் கோவில் வாசலிலிருந்து கடற்கரை வரைக்கும் போயிருக்கிறதே என்று அவனோடு சண்டை போட்டேன். ஆனால் இழுத்துப் பார்த்தபோது அந்தச் சண்டைக்கே அவசியம் இல்லாமல் போயிற்று. உன் அம்மாவுக்குச் சுவரோர மூலையைக் கொடுத்தார்களே, நம்ம ஆட்களுக்கு என்றைக்கும் மூலைதானா என்று அன்றைக்குக் கொதித்தாயே, அந்த மூலைதான் ஃபாதர் பங்களாவுக்குக் கிட்டே இருக்கிறது. ஒயர் அவள் தலைமாட்டுக்குப் போய், சுருட்டி வைக்கிற அளவுக்கு மிச்சமும் இருக்கிறது.

டீக்கடைக் கோதண்டராமன், நான் ஒயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து, “இன்னா அண்ணாத்த, மேல இருக்கறவங்களுக்கும் கனெக்ஷன் குடுக்கறியா?” என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். சிரிக்கட்டும். காற்றில் வருவது நின்றுபோனால் எங்கே போய்த் தேடுவது? ஒயர் என்றால் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே கை நிற்கும்.

இப்போது அம்மாவின் அடக்கத்தன்று நடந்ததை எழுதுகிறேன். நீ கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை. கேட்காதவனிடம் போய்ச் சாட்சி சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து?

புயல் கரையைக் கடந்து மூன்றாவது நாள். ஊரில் கரண்ட் வரவில்லை. உன் அத்தை பிள்ளை ஜெபகுமார் தன் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உயரமாகப் பிடித்துக்கொண்டிருந்தான், அதில்தான் நீ பார்த்துக்கொண்டிருந்தாய். பெட்டியை இறக்கும்போது உன் முகம் அப்படியே நின்றுபோயிற்று. வாய் திறந்தபடி நின்றது. அப்புறம் அதுவும் போயிற்று. டவரே படுத்துவிட்டது, யார் போனிலும் சிக்னல் கோடு இல்லை. நான் ஃபாதரிடம் பொறுங்கள் என்றேன். பொறுத்தார். ஜெபகுமார் சுவர் மேல் ஏறி நின்று பார்த்தான். குழிக்குள் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. ஹெலன் என் கையைப் பிடித்து, “அப்பா, அம்மா நனையுது” என்றாள். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

ஒரு பிடி மண் எடுத்துப் போட்டேன். அப்புறம் குனிந்து இன்னொரு பிடி எடுத்து, இது ஸ்டான்லி போடுகிற மண் என்று சத்தமாகச் சொல்லிப் போட்டேன். மைக் வைத்துப் பேசிப் பழகிய தொண்டை, மழையிலும் எல்லோருக்கும் கேட்டது. உனக்கு மட்டும்தான் கேட்கவில்லை. அன்று ராத்திரி டவர் வந்ததும் அதைச் சொல்லத்தான் போனை எடுத்தேன். நீ என்னைப் பேச விடவில்லை.

இதுதான் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

இனி கல்லறைத் திருநாளன்று எப்படி என்று சொல்கிறேன். ஹெலன் உனக்கு லிங்க் அனுப்புவாள். எங்களுக்குச் சாயங்காலம், உங்களுக்குப் பகல், நீ டியூட்டி முடிந்து வந்து தூங்குகிற நேரம். ஒரு நாள் தூக்கம் கெடட்டும். இந்த மெஷினில் கேமரா திரைக்கு மேலேயே இருக்கிறது. உனக்குக் கல்லறை தெரிய வேண்டுமென்றால் திரையையும் கல்லறைப் பக்கம்தான் திருப்பி வைக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். போன் என்றால் பின்பக்கக் கேமரா இருக்கும், ஸ்டான்லிக்குக் கல்லறையைக் காட்டிக்கொண்டே நீங்கள் அவன் முகத்தைப் பார்க்கலாமே என்று ஹெலன் வாதாடினாள். பிரவின்குமாரும் அதையேதான் சொன்னான். ஒயரைப் பற்றி அவர்களோடு சண்டை போட்டேனே தவிர, இதற்குப் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அம்மா போனைத் தூக்கிக் காதில் வைத்துக்கொள்வாள். உனக்கு அவள் கம்மலும் நரைமுடியும்தான் தெரியும். அம்மா, முகத்தைக் காட்டும்மா என்று நீ அங்கே கத்துவாய். இரு, சரியா கேக்கல என்று இன்னும் அழுத்தி வைத்துக்கொள்வாள். உன் குரல் எல்லாவற்றையும் அவள் கேட்டுவிட்டாள். வீடியோவில் உன் முகத்தை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை. அதனால் அன்றைக்கு உன் முகம் அவள் பக்கம் திரும்பியிருக்கட்டும். என் பக்கம் வேண்டாம்.

பழைய இரும்பு ஸ்டூலில் மெஷினை வைத்து, பின்னால் நான் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அந்த மூடியின் முதுகுதான் தெரியும். ஒயர் சொருகும் இடத்தில் இரண்டு சின்ன விளக்கு இருக்கிறது. ஒன்று சும்மா எரியும், இன்னொன்று துடிக்கும். ஹெலனைக் கருங்குழியிலிருந்து பேச வைத்துப் பார்த்தேன். அவள் இருக்கிற வரைக்கும் விளக்கு வேகமாகத் துடித்தது, அவள் வைத்ததும் விட்டு விட்டு எரிந்தது. அதை வைத்து ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல முடியாது தாத்தா, அது எதற்கு வேண்டுமானாலும் துடிக்கும் என்கிறான் பிரவின்குமார். அவன் சொல்வது அவனுக்கு. எனக்குத் தெரியும்.

வீட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கருங்குழிக்கு வந்துவிடுங்கள் என்று ஹெலன் வாரா வாரம் சொல்கிறாள். போக மாட்டேன். பக்கத்து மனையில் ரிசார்ட் கட்டுகிறார்கள், பகலெல்லாம் சத்தம். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, அன்றைக்குத்தான் வீடு ரொம்பச் சும்மா இருக்கிறது. இன்று ஞாயிறு. பிரஷர் மாத்திரை தவறாமல் போடுகிறேன். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வேண்டாம், நானே அடித்துக்கொள்வேன்.

ஸ்டான்லி, அன்றைக்கு நீ என்னோடு பேச வேண்டியதில்லை. அப்பா என்றுகூடக் கூப்பிட வேண்டாம். ஃபாதர் சந்திரம்மா என்று பெயர் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போன பிறகும் கொஞ்ச நேரம் இரு. அம்மாவிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லு. குடை பிடிக்க வேண்டியிருப்பதால் நான் தள்ளிப்போக முடியாது, ஆனால் கேட்காத மாதிரி நிற்பேன். அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பேட்டரி இருக்கிற வரைக்கும் மூடியைத் தொட மாட்டேன். அன்றைக்கும் நான் கட் பண்ணவில்லை, இனியும் பண்ண மாட்டேன். வைப்பதானால் நீ வை, மெதுவாக வை.

உன் அம்மா வேண்டிக்கொண்டதெல்லாம் உன்னை வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஞானதாஸ்