சீஸுக்குத் தொட்டுக்கொள்ள

சுனந்தா அம்மாவுக்கு,

நீ கோயிலிலிருந்து வருவதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டேன். நம்மைக் கேட்காமல் கட்டிக்கொண்ட பிறகு நம் பெண் சுனந்தாவும் மாப்பிள்ளையும் இன்றுதான் முதல்முதலாய் வருகிறார்கள். மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து சீஸ் கொண்டு வருகிறாராம். அதற்குத் தொட்டுக்கொள்ளப் பச்சைத் தக்காளி, குடைமிளகாய், வெல்லம், எலுமிச்சை போட்டுத் தொக்கு கிளறி ஜாடியில் வைத்திருக்கிறேன். நம் சமண வழக்கப்படி வெங்காயம், பூண்டு, கேரட் எதுவும் சேர்க்கவில்லை. உன் அடுப்புக்கு ஒரு குறையும் இல்லை.

கிளறும்போது வாசனை களம்பூர் வரை போய், ரைஸ் மில்லில் காய்ந்த நெல்லெல்லாம் கண்ணயர்ந்துவிட்டதாம். பால்காரர் சொன்னார்.

பஸ் லேட்டானால் பொழுது சாய்ந்துவிடும், அப்புறம் நம் வீட்டில் யாரும் வாயில் வைக்க முடியாது. அதனால் ஜன்னலில் எட்டிப் பார்த்த சூரியனிடம் பேசினேன். "அவங்க சாப்பிடற வரைக்கும் மெல்ல எறங்கிகினு இருக்கேன், நீங்க போங்க" என்றார். நல்ல மனுஷன்.

"அவ வந்தா வரட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று நேற்று சொன்னாய். சரி, திறக்க வேண்டாம்.

பி.கு.: தொக்கில் உப்பு மட்டும் போடவில்லை. மறதி இல்லை. அதை நீ போடு. உன் கை உப்பு அவள் நாக்குக்குத் தெரியும்.