ஏழாம் நம்பர் செட்

திண்டிவனம்
12.8.86

அம்மாவுக்கு மகள் அம்மணி வணங்கி எழுதுவது. உன் முட்டி வலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

பட்டறையில் சின்னதாக ஒன்று நடந்தது, பயப்படாதே. பேட்டரி வண்டி மோட்டாரை ஓட்டுகிற பெட்டிக்குள் ஆறு டிரான்சிஸ்டரைச் சேர்த்துப் போடுவோம். மீட்டரில் ஒரே அளவு காட்டுகிற ஆறைப் பொறுக்கி, எல்லாவற்றின் தலையிலும் ஒரே செட் நம்பரைப் பெயிண்டால் எழுதுவது என் வேலை. அளவு மாறினால் ஒன்று மட்டும் கரண்டை அதிகம் இழுத்து வெடிக்கும். பிறகு மற்றதும் தாங்காது.

நேற்று ஒரு பெட்டி வெடித்தது. திறந்தால் நாலில் ஏழாம் நம்பர், இரண்டில் பன்னிரண்டு. அவசரத்தில் இரண்டு செட்டைக் கலந்து மாட்டியவர் சின்னக்கண்ணு அண்ணன். முதலாளி வருவதற்குள் பெயிண்ட் கரைக்கிற தின்னரைத் தொட்டு நம்பரையெல்லாம் துடைத்தார்.

"இன்னாண்ணா பண்றீங்க?" என்றேன். நம்பர் போய்விட்டால் கலந்து மாட்டியது யாருக்கும் தெரியாது.

முதலாளியிடம் என்னைக் காட்டி, "புருசன் செத்ததுலேர்ந்து அதுக்குப் புத்தி நெலையில இல்லீங்க. அளவு மாத்திப் போட்டுடுச்சி, பாவம்" என்றார்.

என் வீட்டுக்காரரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர், பாடைக்குத் தோள் கொடுத்தவர், இந்த வேலையை வாங்கித் தந்தவர். சாவைக்கூட விடவில்லையே அம்மா. இப்போது மீட்டரை என்னிடம் தருவதில்லை, பெட்டி துடைக்கிறேன்.

விழுப்புரம் பஸ்ஸில் யாராவது வந்தால் போர்வையும் கொஞ்சம் வறுத்த மல்லாட்டையும் கொடுத்தனுப்பு. வருகிற ஆளைச் சற்று உட்கார்ந்து பேசிவிட்டுப் போகச் சொல்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான். வருஷ காரியத்துக்குச் சின்னக்கண்ணுவைக் கூப்பிடாதே. என் வீட்டுக்காரர் படத்துக்கு அந்தக் கை மாலை போட வேண்டாம்.

அம்மணி