இடது கையைத் துடைத்த வலது கைக்காரி

அன்பு மகள் ஃபெபிக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், என் மானத்துக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. நேற்று உன் காலேஜ் பிள்ளைகள் கூடைப்பந்து அரையிறுதி ஆடினார்கள், பழைய மாணவர் வரிசையில் உட்கார உனக்கு வந்த பெயர் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு போனேன், பத்தாங்கிளாசோடு நின்றவனுக்கு அதுதான் பட்டம். முதல் பாதியில் நம்ம பிள்ளைகள் போட்ட கூடைதானே என்று இடைவேளைக்குப் பிறகும் அதில் பந்து விழுந்ததும் எழுந்து நின்று கைதட்டினேன், வேறே ஒருத்தரும் தட்டவில்லை. அந்தக் காலேஜிலேயே படித்த நம்ம அருணாசலம் அண்ணாச்சி, வே நேசையா, பாதி ஆட்டத்துல பக்கம் மாறிருவாங்கள்லா, எதிர் டீம்காரங்க உமக்கு எவ்வளவு குடுத்தாங்க என்றார். வரிசையே சிரித்தது.

அது போகட்டும். நாலைந்து மாதமாக ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டால் உன் போன் பிஸி. முன்னே அது நம்ம நேரம். கேட்டால் ஆபீஸ் என்கிறாய், ஞாயிற்றுக்கிழமை மான்செஸ்டரில் எந்த ஆபீஸ் திறந்திருக்கிறது? எவனோ இருக்கான், பேரை மட்டும் கேட்டுச் சொல்லுங்க என்று அம்மா என்னை அரிக்கிறாள். உன்னைப் பெண் கேட்டிருக்கும் நாசரேத்து ஊர்க்காரர்களுக்குப் பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டு திரிகிறேன். வீட்டு ஜெபக்கூட்டத்தில் மகள் வழிதவறாதபடி என்று ஒரு விண்ணப்பம் வேறு வைத்துவிட்டேன், இப்போது தெருவே உனக்காக ஜெபிக்கிறது. போனில் கேட்டால் சிரித்து மழுப்புவாய், அம்மாவும் பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நேற்று கடைசி நிமிஷம், ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம், நம்ம பக்கம் ஜெஸிந்தா என்று ஒரு புன்னக்காயல் பிள்ளை, அவளுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. குனிந்து இடது கையைக் காலுறையில் துடைத்தாள், பந்தை ஒருதரம் உள்ளங்கையில் உருட்டினாள், எறிந்ததோ வலது கையால். எனக்குத் திக்கென்றது. இடது கைக்காரி நீ, அந்தக் கை வேர்த்துப் பரீட்சைப் பேப்பரை நனைத்தவள் நீ, அந்தக் கையைக் காலுறையில் துடைத்துவிட்டு எறிகிறவளும் நீ. வலது கைக்காரிக்கு இடது கையில் என்ன ஈரம்? ரெண்டும் விழுந்தது, ஜெயித்தாச்சு. கீழே இறங்கிப் போய் யாரும்மா சொல்லிக்குடுத்தது என்றேன். மாமா, வெளிநாட்டுல ஒரு அக்கா இருக்காங்க, ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குப் போன்ல சொல்லித் தருவாங்க, பேரு சொல்லக்கூடாதுன்னுருக்காங்க என்றவள், என் சட்டை அட்டையில் உன் பெயரைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆக, அந்த எவனோ இந்தப் பிள்ளைகள்தான். ஆனால் அந்தச் சந்தேகம் தீர்ந்த இடத்தில் இன்னொன்று முளைத்திருக்கிறது. முழங்கால் முட்டு ஆபரேஷனுக்குப் பிறகு பந்தைத் தொடமாட்டேன் என்று அம்மா கையில் அடித்துச் சொன்னவள், வாயால் மட்டும் சொல்லித் தருகிறாயா, குதித்தும் காட்டுகிறாயா? உன்னை எனக்குத் தெரியும். மறைக்காமல் எழுது. அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை, அவள் அந்த மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டு இருக்கட்டும். நாசரேத்துக்கு என்ன சொல்ல என்றும் நீயே சொல்லு.

குளிரில் முட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொள். போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. இறுதி ஆட்டம் அடுத்த வாரம், இந்த ஞாயிறு ஆறு மணிக்கு நான் கூப்பிடமாட்டேன், அந்தப் பிள்ளைகளோடு பேசு.

உன் அப்பா,
நேசையா
பாளையங்கோட்டை

பி.கு.: வெளியே வரும்போது அருணாசலம் அண்ணாச்சி, எவ வே இந்தப் பிள்ளைக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தா, கண்டா கையெடுத்துக் கும்பிடணும் என்றார். சொன்னால் பொழுது சாய்வதற்குள் அம்மா காதுக்கு வந்துவிடும். தெரியலையே அண்ணாச்சி என்றேன். எம் மவதான் என்பது தொண்டை வரைக்கும் வந்து நின்றது.