ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்

அன்பு மகளே,

லீவுக்கு மாமா வீட்டுக்குப் போன இடத்தில், அவனோடு அணைக்கட்டு வரை சைக்கிளில் போய், கூடாரம் போட்டுத் தங்கினாயாம். சந்தோஷம். அடுத்தவன் பிள்ளையை ஊர் சுற்ற அழைத்துப் போக உன் மாமாவுக்கு எப்போதும் நேரம் இருக்கிறது.

நேற்று போனில், "அப்பா, நான் இங்கயே ஸ்கூல் சேந்துக்கறேன்பா. நீதான் ஞாயித்துக்கிழமைகூட ஆபீஸ் போயிடுவியே" என்றாய். மீட்டிங் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். நேற்றும் ஞாயிறுதான்.

எந்த ஞாயிறும் எனக்கு வேலை இருந்ததில்லை. நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு கூப்பிடும்போதெல்லாம், பூட்டிய ஆபீஸ் வாசலில் காருக்குள் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இந்த விஷயம் உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. மாமாவுக்குத் தெரிந்தால் ஆயுளுக்கும் சொல்லிச் சிரிப்பான்.

இன்று காலை காவலாளியின் சைக்கிளைக் கேட்டு வாங்கி ஏறினேன். "சார், பிரேக்கை விடுங்க சார், அப்பத்தான் நகரும்" என்றார். விட்டேன். இரண்டு முழங்காலிலும் தோல் இல்லை. அவர் சிரிக்காததுதான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளியில் பெயர் கொடுக்கப் போகிறாயாம். அதற்கு முன் ஒரே ஒரு நாள் வா. மாமா வேண்டாம், நீ மட்டும். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொள், நான் மிதிக்கிறேன். சின்ன வயதில் என் அண்ணன், பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிட்டான். இன்றுவரை அவனோடு பேச்சில்லை.

நீ விடுவதாக இருந்தால், சொல்லிவிட்டு விடு.

அப்பா