தொட்டியின் உச்சியில் காய்ந்த சட்டை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இப்போதெல்லாம் எண்ணெய்த் தொட்டியின் மேல் ஏறி நான் அளவு பார்ப்பதில்லை. உச்சியில் வயர் இல்லாத கருவி பொருத்திவிட்டோம். அறையில் உட்கார்ந்தபடியே திரையில் பார்க்கலாம். நேற்று திடீரென்று அளவு வருவது நின்றுவிட்டது. எண்ணெய் வழிந்துவிடுமோ என்று பம்பை நிறுத்திவிட்டு ஏறினேன். இடுப்பில் கயிறு கட்டித்தான், பயப்படாதீர்கள். மேலே, தொட்டிக்கு வண்ணம் பூச வந்த பெயின்டர் தன் கனத்த ஈரச் சட்டையை அந்தக் கருவியின் ஆன்டெனா மேல் போர்த்தியிருந்தார்.

"அண்ணே, இதென்ன துணி காயப்போடுற கொடியா?"

"இங்கதாம்மா காத்து நல்லா வருது!"

சிரித்துவிட்டேன். சட்டையை எடுத்ததும் அளவு வந்துவிட்டது.

அப்பா, போனில் பேச ஒன்றுமில்லை என்று உடனே வைத்துவிடாதீர்கள். போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குச் சமையுங்கள். தாளிக்கிற சத்தம் கேட்டால் போதும்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது.

உங்கள் சின்னவள்