தகர டின்னில் நீலம்

அக்கா,

இன்று காலை வறுத்த வேர்க்கடலையில் ஒன்று கசந்தது. துப்பிவிட்டு மூன்று தரம் வாய் கொப்பளித்தேன். மருமகள் சிரித்தாள். சிரிக்கட்டும், அவள் அந்த நீலத்தைப் பார்த்ததில்லை.

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அப்போது நீ ஒருத்திதான் பெண். தனி மேசை கிடைக்கவே மூன்று வருஷம் ஆயிற்று உனக்கு. பூஞ்சை பிடித்த கடலையில் ஊறும் விஷம்தான் உன் ஆராய்ச்சி. அந்த விஷத்தை இருட்டில் நீலமாக ஒளிரவைக்கும் புற ஊதா விளக்கைத் தூக்கிக்கொண்டு செஞ்சிக்கு வந்தாய். கடைத்தெருவில் நம் நைனாவுக்குக் கடலை மண்டி. "என் சரக்கக் குத்தம் சொல்லத்தான் மெட்ராசுல படிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே கிடங்குக் கதவைச் சாத்தினார்.

பட்டப்பகலில் கும்மிருட்டு. சிங்கவரத்திலிருந்து வந்திருந்த மூட்டைகளைப் பிரித்து விளக்கைக் காட்டினாய். ஒன்றும் ஒளிரவில்லை. நைனா கனைத்துக்கொண்டார். நீ விடாமல், "பொறுக்கிப் போட்ட சொத்தைங்க எங்க?" என்றாய். எங்கே போகும்? நல்லது விற்பனைக்கு, சொத்தை வீட்டுச் சட்னிக்கு. மண்டிக்காரர் வீட்டு வழக்கம் அதுதானே. அம்மா தகர டின்னை எடுத்துவந்தாள்.

டின் முழுக்க நீலம். அதை அளைந்த அம்மாவின் விரல் நுனிகளிலும் நீலம். "இன்னாடி இது, அழகாதான் இருக்குது" என்று சிரித்தாள். முகம் தெரியவில்லை; பற்கள் மட்டும் இருட்டில் மிதந்தன. அந்த விளக்கில் யார் பல்லும் அப்படித்தான் தெரியும் என்று மறுநாள் சொன்னாய். அன்றே சொல்லியிருக்கலாம். பயத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

"எல்லாத்தையும் கொட்டிடு. மாட்டுக்குக்கூடப் போடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். அம்மா கேட்கவில்லை. "அவ படிச்சவ, அப்படித்தான் சொல்லுவா. வெளிச்சத்துல பாரு, நல்லாதான இருக்குது." நான் அந்தச் சட்னியைத் தொடவில்லை. அம்மாவைத் தடுக்கவும் இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் நீ கேட்டாய். உங்கள் இருவருக்கும் சண்டை வேண்டாமென்று, "கொட்டியாச்சு" என்றே எழுதினேன்.

சில வருஷங்களில் அம்மாவின் கண் மஞ்சளித்தது. கல்லீரல் என்றார்கள். காரியம் முடிந்த அன்று, "அந்தக் கடலையாலயா அக்கா?" என்று கேட்டேன்.

"இருக்காதுடி. அதான் அன்னிக்கே கொட்டிட்டியே" என்று என் முதுகைத் தடவினாய்.

பிறகு நீ துறைத்தலைவி ஆனாய். இரண்டு முறை சோதிக்காமல் எதையும் நம்பமாட்டாய் என்று போன மாதம் உன் அஞ்சலிக் கூட்டத்தில் மாணவிகள் சொல்லி அழுதார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

கொட்டவில்லை, அக்கா. ஒரு நாளும் கொட்டவில்லை.